இல்லாத தாத்தாவும் இருந்த தாத்தாவும்

பாகூர் ஏரிக்கரையை ஒட்டிய எங்கள் சேரியில் என் சித்தப்பா பேண்டு செட்டில் கிளாரினெட் ஊதினவர். அவருடைய அப்பா, அதாவது என் தாத்தா, ஊர்ச் சாவுக்கெல்லாம் பறை அடித்தவர். செட்டில் சேர்ந்த பிறகு சித்தப்பா வெளியில் தாத்தாவைப் பற்றி வாய் திறந்ததே கிடையாது. வில்லியனூர்ப் பக்கம் ஒரு கல்யாண வீட்டில், "நல்லா ஊதறியே, ஒங்கப்பாரும் வாத்தியக்காரரா?" என்று ஒருத்தர் கேட்டார். "இல்லீங்க, கொத்தனாரு" என்றார் சித்தப்பா. கூடப் போயிருந்த நான் திரும்பி வரும்போது, "ஏன் சித்தப்பா பொய் சொன்ன?" என்றேன். "ஒனக்கு இன்னாடா தெரியும்? ஊதுனா வாத்தியக்காரன், அடிச்சா பறையன். பேசாம வா."

சிட்னி பெஷே என்ற கறுப்பினக் கலைஞரின் தன்வரலாற்றைப் படித்தபோது இந்தப் பேச்சுதான் குறுக்கே வந்து நின்றது. ஜாஸ் இசையில் சாக்சபோனுக்கு முதன்முதலில் ஒரு தனிக்குரல் தந்தவர்களில் அவர் ஒருவர். பல குழுக்களை நடத்தியவர். அவர் வாயால் சொல்லி மற்றவர்கள் எழுத்தாக்கிய அந்த நூல், 'ட்ரீட் இட் ஜென்டில்', அவர் இறந்த பிறகு 1960இல் வெளிவந்தது. நாம் இங்கே சாட்சியம் என்று எதைச் சொல்கிறோமோ அந்த வகை எழுத்து அது.

பெஷே பிறந்தது 1897 மே 14இல், அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில். அந்த ஊருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். 1718இல் அதை நிறுவியவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். 1719 முதல் 1731 வரை அந்த லூயிசியானாவையும் நம் புதுச்சேரியையும் கையில் வைத்திருந்தது ஒரே கம்பெனி. இங்கிருந்து துணி ஏற்றிப்போன கம்பெனி, ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்களை ஏற்றிப்போய் அங்கே இறக்கியது.

பெஷேயின் குடும்பம் 'கிரியோல்' எனப்பட்ட, பிரெஞ்சு பேசும் கலப்பினத்தைச் சேர்ந்தது. தோல் கொஞ்சம் வெளுத்தவர்கள், கத்தோலிக்கர்கள். அடிமை முறை ஒழிவதற்கு முன்பே சுதந்திரமாக வாழ்ந்த குடும்பங்கள் அவர்களில் நிறைய. நோட்டு பார்த்து வாசிக்கப் பயின்ற கிரியோல் வித்வான்கள், காதால் கேட்டு வாசித்த கறுத்த ஏழைகளை மட்டமாகப் பார்த்தார்கள். அம்பேத்கர் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மைக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. ஆனால் வெள்ளைக்காரச் சட்டம் இந்தப் படிகளை மதிக்கவில்லை. வெள்ளையர் ரயில்பெட்டியில் ஏறி உட்கார்ந்ததற்காக 1892இல் கைதான ஹோமர் பிளெஸ்ஸி ஒரு கிரியோல், செருப்புத் தைப்பவர். ஒதுக்கிவைப்பது சட்டப்படி சரிதான் என்று 1896இல் உச்ச நீதிமன்றம் அவர் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. பெஷேயின் அப்பாவும் செருப்புத் தைத்தவர்தான். அங்கே தோலில் வேலை செய்வது தீட்டு இல்லை. செய்கிறவனின் தோல்தான் தீட்டு.

அண்ணனின் கிளாரினெட்டைத் திருட்டுத்தனமாக எடுத்து ஊதிப் பழகிய சிறுவன், நோட்டு படிக்கக் கடைசிவரை மெனக்கெடவில்லை. சாவு ஊர்வலத்தில் பிணத்தோடு மெதுவாக ஊதிப்போய், அடக்கம் முடிந்து திரும்பும்போது தெருவே ஆட ஊதி வரும் பேண்டுகளின் பின்னால் ஓடினான். மேல்படியில் பிறந்தவன் கீழ்ப்படியின் சங்கீதத்தைத் தேர்ந்துகொண்டான் என்பது முதல் செய்தி.

இரண்டாவது செய்திதான் என்னைத் தூங்கவிடாதது. நூலில் அவர் தன் தாத்தாவைப் பற்றி நீளமாகச் சொல்கிறார். பெயர் ஓமார். அடிமை. ஞாயிற்றுக்கிழமைகளில் அடிமைகள் கூடும் காங்கோ சதுக்கத்தில் மேளம் கொட்டி ஆடியவர். காதலுக்காகத் தப்பியோடி, கை இழந்து, கொல்லப்பட்டவர். தன் சங்கீதமெல்லாம் அந்த மேளத்திலிருந்து வந்தது என்பது பெஷேயின் வாதம். 1987இல் அவர் வாழ்க்கையை எழுதிய ஜான் சில்டன் பழைய பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தார். உண்மையான தாத்தா அடிமையே இல்லை, சுதந்திர மனிதர். ஓமார் கதை, 1837இல் கொல்லப்பட்ட 'பிரா கூப்பே' என்ற ஒற்றைக்கை அடிமையைப் பற்றி அந்த ஊரில் வழங்கிய கதை.

பொய்தானே என்று நூலை மூடிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒருவர் சுதந்திரமான தாத்தாவை மறைத்துவிட்டு, மேளம் அடித்த அடிமையைத் தாத்தாவாகத் தத்தெடுக்கிறார். இன்னொருவர் மேளம் அடித்த சொந்தத் தாத்தாவைக் கொத்தனார் ஆக்குகிறார். ஆனால் முதலாமவரை உயர்த்தி இரண்டாமவரைக் குற்றம் சொல்ல நான் தயாராக இல்லை. காங்கோ சதுக்கத்தில் அடித்தது அடிமைகள் தமக்காக அடித்துக்கொண்ட மேளம். என் தாத்தா அடித்தது ஊர்க்காரன் பிணத்துக்கு; அடிக்க மாட்டேன் என்று சொல்ல முடியாத மேளம். பறையைக் கீழே போட்டதே எத்தனையோ சேரிகளில் போராட்டமாக நடந்திருக்கிறது. இன்று நகரத்து மேடைகளில் பறையைத் தூக்கிப் பிடிக்கும் தோழர்கள் (நானும் அந்த மேடைகளில் கைதட்டியவன்தான்) இந்த வித்தியாசத்தைத் தாண்டிப் போய்விடுகிறோம்.

பெஷேயின் மீதிக் கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1919இல் ஒரு குழுவோடு லண்டன் போனார். அவர் வாசிப்பைக் கேட்ட சுவிஸ் இசை நடத்துநர் எர்னெஸ்ட் அன்செர்மே, இவர் மேதை என்று அப்போதே எழுதினார். லண்டனில்தான் சோப்ரானோ சாக்சபோன் அவர் கைக்கு வந்தது. வளைவில்லாமல் நேராக, பார்வைக்குக் கிளாரினெட் போலவே இருக்கும். 1922இல் பிரிட்டன் அவரை வெளியேற்றியது. 1928இல் பாரிஸில் நடந்த துப்பாக்கிச் சண்டைக்காகச் சுமார் 11 மாதம் சிறை. 1932இல் டாமி லாட்னியரோடு சேர்ந்து 'நியூ ஆர்லியன்ஸ் ஃபீட்வார்மர்ஸ்' குழுவை நடத்தினார். பஞ்ச காலம், மறுவருஷமே நியூயார்க்கின் ஹார்லெமில் தையல் கடை வைத்துத் துணி தேய்த்தார்.

1939இல் அவர் பதிவுசெய்த 'சம்மர்டைம்' கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு நீண்ட சுரத்தின் முடிவிலும் குரல் நடுங்குகிறது. படித்த விமர்சகர்கள் அந்த நடுக்கத்தை மிகை என்றார்கள். ஒப்பாரியில் கிழவியின் தொண்டை நடுங்குவதைக் கேட்டு வளர்ந்த காதுக்கு அது மிகையாகப் படாது.

தமிழ்க் காதுக்குச் சாக்சபோன் என்றால் கத்ரி கோபால்நாத். நாகசுரக்காரரின் மகன், மைசூர் அரண்மனை பேண்டில் அந்தக் கருவியைப் பார்த்து ஆசைப்பட்டவர். 'டூயட்' படத்தில் ஒலித்தது 1994இல், பத்மஸ்ரீ 2004இல், மறைவு 2019இல். அவருடைய உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் சபாக்கள் அந்தக் கருவிக்குக் கதவைத் திறந்தது அது கீர்த்தனை பேசியபோதுதான். எங்கள் கொம்யூன்களில் பேண்டு செட்டுக்காரன் கையில் இருக்கும்போது அதே கருவிக்குப் பந்தலுக்கு வெளியேதான் இடம்.

1950 வாக்கில் பெஷே பிரான்ஸிலேயே தங்கிவிட்டார். 1951இல் அங்கே அவர் கல்யாணம் திருவிழாவாக நடந்தது. 1955இல் ஒலிம்பியா அரங்கில் ரசிகர்கள் நாற்காலிகளை உடைத்தார்கள். கறுப்பனை பிரான்ஸ் மதித்தது என்று இதை உதாரணம் காட்டுவார்கள். அதே பிரான்ஸ்தான் அதே வருஷங்களில் இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் சுட்டுக்கொண்டிருந்தது. இந்தோசீனாவுக்கு நம் ஊர் சொல்தாக்களையும் அனுப்பியது. வில்லியனூரை அடுத்த கீழூரில் 1954 அக்டோபர் 18இல் 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு சேர வாக்களித்தார்கள். பிரெஞ்சு ஆட்சி கைமாறிய அந்த நவம்பர் 1ஆம் தேதிதான் அல்ஜீரியாவில் போர் தொடங்கியது. அமெரிக்கன் ஒதுக்கிய கறுப்பனைத் தலையில் தூக்கிவைப்பது பிரான்ஸுக்குச் சுலபம். தான் ஆண்டவனைத் தூக்கிவைப்பது வேறு விஷயம்.

பெஷே 1959 மே 14இல், தன் பிறந்தநாளிலேயே, பாரிஸை ஒட்டிய கார்ஷில் இறந்தார்.

போன வருஷம் சித்தப்பாவுக்கு 'சம்மர்டைம்'ஐக் கைப்பேசியில் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். "மூச்சு வுடாம எம்மாந்தூரம் இட்டுனு போறான் பாரு" என்றார். அப்புறம், "இவன் தாத்தன் இன்னா பண்ணான்?"

"மேளம் அடிச்சவர்னு எழுதியிருக்காரு."

"அத்த அவனே வெளிய சொன்னானா?"

"அவரேதான் சொன்னாரு."

இன்னொரு தரம் போடச் சொன்னார்.