களரியும் கேளிக்கைப் பூங்காவும்: கல்முனைக் கரையிலிருந்து ஒரு நோக்கு

இசைநாடகங்களைக் கேளிக்கைப் பூங்காக்களின் காட்சிகளாக மாற்றியமைத்தல் இன்றைய கேளிக்கைத் தொழிலின் போக்குகளுள் ஒன்றாகும். நியூயோர்க்கில் 2003ஆம் ஆண்டு மேடையேறிய ‘விக்கெட்’ என்னும் இசைநாடகம், யப்பானின் ஒசாக்கா நகரிலுள்ள யுனிவர்சல் பூங்காவில் 2006 முதல் 2011 வரை ஏறத்தாழ அரைமணி நேரக் காட்சியாக நிகழ்த்தப்பட்டது. புளோரிடாவிலுள்ள டிஸ்னி விலங்குப் பூங்காவில், 1994இல் திரைப்படமாகவும் 1997இல் மேடை நாடகமாகவும் வெளிவந்த ‘லயன் கிங்’ கதையின் பாடல்கள் 1998 முதல் தனிக்காட்சியாக வழங்கப்பட்டு வருகின்றன. நமது கூத்து மரபையும் கிராமிய ஆடல்களையும் இவ்வாறு பூங்காக் காட்சிகளாகக் கற்பனை செய்து பார்த்தால் யாது நேரும் என்னும் வினாவை இக்கட்டுரையில் எழுப்ப விரும்புகின்றோம். வினா விளையாட்டாகத் தோன்றலாம். 2009இல் யுத்தம் முடிந்தபின் பாசிக்குடாக் கரையில் உல்லாச விடுதிகள் நிரையாக எழுந்ததைக் கண்ட கிழக்கிலங்கை மக்களுக்கு அது அத்துணை விளையாட்டன்று.

முதலிற் சுருக்கத்தைப் பற்றிக் கூறவேண்டும். ‘விக்கெட்’ இரண்டரை மணி நேரத்துக்கு மேற்பட்ட நாடகம். விலங்குகளின் பேச்சுரிமையைப் பறிக்கும் ஓர் ஆட்சியையும், அதனை எதிர்த்தமையாற் ‘கொடியவள்’ எனப் பெயர்சூட்டப்பட்ட ஒரு பெண்ணையும் அது சித்திரிக்கின்றது. அரைமணிக் காட்சியில் அவள் வானிலெழும் அற்புதத்துக்கு இடமிருக்கும். அவள் ஏன் எழுந்தாள் என்பதற்கு எவ்வளவு இடம் எஞ்சும்?

எனினும் சுருக்கம் என்ற ஒன்றையே குற்றமாகக் கொள்ளுதல் நமக்குப் பொருந்தாது. 1960களிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்துகளைப் பேராதனை மேடைக்குக் கொணர்ந்தபோது, விடியவிடிய ஆடப்பட்டவற்றை இரண்டொரு மணி நேரத்துக்குள் அடக்கினார். வட்டக்களரியைச் சுற்றி நாற்புறமும் அமர்ந்திருந்தோர் படச்சட்ட மேடையின் முன் ஒருபுறம் அமர்த்தப்பட்டனர். இழப்பு இருந்தது, அதனை மறைக்கவேண்டியதில்லை. ஆயினும் அங்கு சுருக்கியவர்கள் கூத்தினுள் ஒரு புதிய பொருளைத் தேடினர். ‘இராவணேசன்’ ஒரு பாத்திரத்தின் அகப்போராட்டத்தை முன்னிறுத்தியது. அப்பயிற்சியிற் தோன்றிய சி. மௌனகுரு பின்னர் ‘சங்காரம்’ நாடகத்திற் சமூக முரண்பாட்டையே கூத்தின் ஆட்டத்துள் கொணர்ந்தார். கண்டியில் உல்லாசப் பயணிகளுக்கு நாள்தோறும் ஒருமணி நேரம் காட்டப்படும் நடனங்களோடு இதனை ஒப்பிட்டால் வேறுபாடு புலப்படும். கொஹொம்பா கங்காரியச் சடங்கு இரவு முழுவதும் ஓர் ஊரின் நலத்துக்காக நிகழ்வது. அந்த மரபின் நடனம் பயணிகளின் அரங்கில் ஏனைய பல நடனங்களுடன் ஒரு கூறாகி, இறுதியில் தீமிதிப்போடு முடிகின்றது. நிகழ்ச்சி நிரலை வகுப்பது பயணியின் நேர அட்டவணை.

கல்முனைப் பிரதேசத்துக்கு வருவோம். வடமோடி, தென்மோடிக் கூத்துகள் அயலிலுள்ள தமிழ்க் கிராமங்களுக்குரியவை. முஸ்லிம் ஊர்களின் சொத்தாக அவற்றைக் காட்டுதல் பிழையாகும். இவ்வூர்களுக்குரியது களிகம்பு. ஆடுவோர் இரு கைகளிலும் கம்பேந்தி வட்டமாக நிற்க, அண்ணாவியார் பாட்டெடுத்துக் கொடுக்க, கம்போடு கம்பு மோதித் தாளம் படிப்படியாக விரையும். இதனோடு சீனடி, சிலம்படி, றபான், பக்கீர்மாரின் பைத் ஆகியவற்றையும் சேர்த்தெண்ணலாம். ‘அலிபாதுஷா நாடகம்’ போன்ற இசுலாமியத் தமிழ் நாடகப் பிரதிகள் தமிழில் உள்ளமையும் நினைவுகூரத்தக்கது. பூங்கா அமைப்போனுக்கு மூலப்பொருள் குறைவில்லை.

இக்கரையில் ஏற்கெனவே ஒரு ‘பூங்கா’ ஆண்டுதோறும் எழுந்து மறைகின்றது என்பதை அவன் அறியமாட்டான். கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் ஜமாதுல் ஆகிர் மாதத்தில் நிகழும் கொடியேற்ற விழாவையே குறிப்பிடுகின்றோம். நாகூரில் அடக்கமாகியுள்ள சாகுல் ஹமீது வலியுல்லாவின் நினைவாக எழுந்த தர்கா இது. அவரது உடல் இங்கில்லை. சிங்கப்பூரிலும் பினாங்கிலும் இவ்வாறே நாகூரின் சாயல்கள் கட்டப்பட்டுள்ளன. தொலைவிலுள்ள ஓரிடத்தைத் தம் கரையில் மீளப் படைத்தலே பூங்காக் கலையின் அடிப்படையெனில், கடலோடிகளும் வணிகரும் அதனை டிஸ்னிக்கு நெடுங்காலம் முன்னரே அறிந்திருந்தனர். ஆகவே பிரதி என்பதற்காக நாம் பூங்காவைப் பழிக்க இயலாது. அந்நாட்களில் மணலில் இராட்டினம் சுழல்கின்றது. மிட்டாய்க் கடைகளும் வளையற் கடைகளும் நிரைகின்றன. பக்கீர்மார் தாயிரா கொட்டுகின்றனர். அயலூர்த் தமிழரும் வருகின்றனர். அங்கு வருபவன் ஒரே மாலையில் நேர்த்திக்காரனாகவும் வாடிக்கையாளனாகவும் வேடிக்கை பார்ப்பவனாகவும் இருக்கின்றான். நுழைவுச்சீட்டு அவனை இவற்றுள் ஒன்றாக மட்டும் குறுக்கிவிடும்.

வட்ட அரங்கைப் பூங்காவினர் அறியாதவரல்லர். ‘லயன் கிங்’ காட்சியே நாற்புறமும் பார்வையாளர் சூழ நிகழ்கின்றது. ஒவ்வொரு பகுதியினரும் ஒவ்வொரு விலங்கின் ஒலியை எழுப்புமாறு ஏவப்படுகின்றனர். வடிவத்தில் அது களரிதான். ஆனால் நமது களரியில் அண்ணாவியாரின் தாளம் தவறினால் முன்வரிசையில் இருக்கும் கிழவர் வாய்விட்டுச் சொல்வார். அவரும் இளமையில் ஆடியவர். ஏவப்பட்ட ஒலிக்கும் இந்தக் கண்டிப்புக்கும் இடையிலுள்ள தூரமே நாம் சுட்ட விரும்பும் தூரம்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். கொடியேற்றத்தையும் இசையையும் மார்க்க நோக்கில் ஏற்காதோர் இவ்வூர்களில் உள்ளனர். அவர்தம் வாதம் வலுவானதே. ஆதரிப்போரும் எதிர்ப்போரும் பள்ளியிலும் வாசிகசாலையிலும் வாதிட்டே வந்துள்ளனர். களிகம்பு நிலைக்குமா, மாறுமா, மறையுமா என்பதை அவ்வூரார் தமக்குள் தீர்மானிக்கவேண்டும். பூங்காவோ அதனை ‘முஸ்லிம்களின் பாரம்பரியம்’ எனப் பெயர்ப்பலகையிட்டு, வாதத்துக்கு வெளியிலிருந்து முடிவு கூறிவிடும். எதிர்ப்போரின் ஐயமும் ஆதரிப்போரின் பற்றும் ஒருங்கே மதிப்பிழக்கும்.

இவற்றிலும் அடிப்படையானது நிலம். 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலையில் இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது ஆகிய ஊர்களின் கரையோர வீதிகள் அழிந்தன. அதன்பின் வடக்கிலும் கிழக்கிலும் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாதென அரசு விதித்தது. தெற்கில் அது 100 மீற்றராயிருந்தது. விதி பின்னர்த் தளர்த்தப்பட்டது. ஆனால் வீடிழந்தவன் மீளக் கட்டமுடியாத மணலில் விடுதி எழ வழியுண்டா என்ற கேள்வி அன்று கிழக்குக் கரையெங்கும் கேட்கப்பட்டதை மறத்தலாகாது. கற்பனைப் பூங்காவின் வரைபடத்தை நாம் விரித்தால், அது முதலில் விழுவது கரைவலை இழுக்கும் இடத்தின் மீதும் தோணிகள் ஏற்றப்படும் இடத்தின் மீதுமே.

ஆயினும் கற்பனையை முற்றாகக் கைவிடவும் மனம் வரவில்லை. மெல்லச் சுழலும் ஒரு வட்டத்தளம், ஏறுவோர் ஒவ்வொருவர் கையிலும் இரு கம்புகள், நடுவில் அண்ணாவியார். தளத்தின் வேகத்தை இயந்திரக்காரன் தீர்மானிப்பதில்லை. பாட்டின் காலம் ஏறும்போதே அது ஏறும். கம்பு தவறியவன் இறங்கி, அடுத்தவனுக்கு இடம்விட்டு, வெளிவட்டத்தில் நின்று தாளம் போடலாம். அண்ணாவியாருக்குக் கூலியும், நிகழ்ச்சியை நிறுத்தும் அதிகாரமும் இருக்கவேண்டும். கொடியேற்ற நாட்களிற் கட்டணம் அறவிடலாகாது. வாடைக் காற்றுக் காலத்திற் கடல் உள்ளேறும்போது அதனைக் கழற்றி வண்டியிலேற்றி அப்பாற் கொண்டுசெல்லக்கூடியதாகவும், மீன்பிடி தொடங்கும்போது அந்த மணல் மீளவும் வலைக்காரருடையதாகவும் இருத்தல் வேண்டும். இத்தகைய ஒன்றைக் கட்ட முதலீட்டாளர் எவரும் முன்வருவாரென நாம் எதிர்பார்க்கவில்லை. கொடியேற்றத்துக்கு இராட்டினம் கொண்டுவருவோரிடம் கேட்டுப் பார்க்கலாம்.