பனிக்கட்டி மேல் ஒற்றைச் சக்கரம்

மார்கழி விடியலில் எங்கள் மலையூர் கரியாலூரில் நின்றுகொண்டு பனி என்று சொன்னால், அது புல்நுனியில் நிற்கும், ஸ்வெட்டரை ஈரமாக்கும், எதிரே வரும் பஸ்ஸின் விளக்கை மஞ்சள் கறையாக்கும். அவ்வளவுதான். கனடாவில் இருக்கும் அக்கா மகன் அதே சொல்லைச் சொன்னால், அது முழங்கால் ஆழம். இல்லையென்றால் கார் போனாலும் தாங்குகிற ஏரி. இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கிவிட்ட மொழியின்மேல் எனக்குக் குறையில்லை. இரண்டிலும் சக்கரம் வழுக்கும்.

போன குளிர்காலத்தில் அவன் ஒரு வீடியோ அனுப்பினான். உறைந்த ஏரி. மேலே ஊதிவிட்ட மாவு போலப் புதுப்பனி. அதன்மேல் ஒற்றைச் சக்கரத்தில் நின்றபடி போகிறான். சர்க்கஸில் பெடல் மிதிப்பார்களே, அது இல்லை. இது மின்சாரத்தில் ஓடுவது. சின்ன சூட்கேஸுக்கு நடுவில் ஒரு டயரைச் செருகிவைத்த மாதிரி இருக்கும். இரு பக்கமும் கால் வைக்க இரண்டு மடக்குப் பலகை. ஹேண்டில் பார் கிடையாது, சீட் கிடையாது, பிரேக் கிடையாது. ஷேன் சென் என்ற சீன அமெரிக்கர் 2011 வாக்கில் ‘சோலோவீல்’ என்ற பெயரில் கடைக்குக் கொண்டுவந்த வடிவம் இது. பிறகு கிங்சாங், பிகோடி, இன்மோஷன் என்று சீனக் கம்பெனிகள் அதை எங்கேயோ கொண்டுபோய்விட்டன.

உள்ளே இருக்கும் ஜைரோ, உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று கவனித்துக்கொண்டே இருக்கிறது. நீங்கள் முன்னால் சாய்ந்தால், விழப்போகிறவரைத் தாங்க ஓடிவருகிற ஆள் மாதிரி சக்கரம் முன்னால் ஓடி உங்கள் காலடிக்கு வந்துவிடும். இன்னும் சாய்ந்தால் இன்னும் ஓடும். பின்னால் சாய்ந்தால் நிற்கும். விழுவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போவதுதான் ஓட்டுவது.

தார் ரோட்டில் இந்த ஏற்பாடு சாதாரணமாகப் பிசகாது. பனிக்கட்டியில்தான் வில்லங்கம். டயர் தரையைப் பற்றித் தள்ளினால்தானே காலடிக்கு வரமுடியும்? பிடியில்லாத இடத்தில் கொஞ்சம் கூடுதலாகச் சாய்ந்துவிட்டால் மோட்டார் என்னவோ உண்மையாகச் சுற்றும். சக்கரம் நின்ற இடத்திலேயே அரைக்கும். ஆள் குப்புற விழுவார். பைக்கில் ஒரு சக்கரம் ஏமாற்றினால் இன்னொன்று ஒரு நொடியாவது அவகாசம் தரும். இங்கே தரையைத் தொடுவது உள்ளங்கை அளவு ரப்பர், அதுவும் ஒன்றே ஒன்று.

பனிக்கட்டி ஏன் வழுக்குகிறது என்பது பள்ளிக்கூடத்தில் சொல்லித்தந்ததைவிடச் சுவையான சங்கதி. நம் எடை அழுத்தி அதை உருக்குகிறது என்றுதான் படித்தோம். அந்த அழுத்தம் அதற்குப் போதாது. உருகாத பனிக்கட்டியின் மேலும் நீர் போன்ற ஒரு மெல்லிய படலம் இருக்கவேண்டும் என்று மைக்கேல் ஃபாரடே 1850-லேயே சொன்னார். இரண்டு ஐஸ் துண்டுகளைச் சேர்த்து வைத்தால் ஒட்டிக்கொள்கிறதே, அதை வைத்து யோசித்தார். குளிர் ஏற ஏற அந்தப் படலம் இறுகிப்போகும். கடுங்குளிர் நாளைவிட, வெயில் எட்டிப்பார்த்து மேலே நீர் கசியும் நாள்தான் ஓட்டுகிறவனுக்கு எமன். மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே போனால் மிதிபடும் பனி கறுக் கறுக்கென்று முனகும். அந்தச் சத்தம் கேட்டால் நம்பி ஏறலாம் என்பான் அக்கா மகன்.

டயரில் அவன் ஆணி பதித்திருக்கிறான். டங்ஸ்டன் கார்பைடு முனை வைத்த பொடி ஆணிகள். ஆணி வைத்து ஓட்டுவது ஒரு ஓட்டமா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். வழவழப்பான ஏரியில் ஆணி இல்லாமல் ஏறுவது வீரமில்லை, எலும்பு டாக்டருக்கு வரும்படி. ஆனால் மெத்தென்ற பனியில், பட்டன் வைத்த அகல டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டுப் போவதுதான் கண்ணுக்கு அழகு என்பது என் கட்சி.

வீடியோவில் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது ஆளை இல்லை, தடத்தை. கடைசியில் அவன் இறங்கி, வந்த வழியே திரும்பி நடந்து, போனைத் தாழ்த்திக் காட்டுகிறான். பனியில் ஒற்றை இழை. இருபுறமும் ஆணிப் புள்ளிகள், தையல் மிஷின் போட்ட மாதிரி ஒரே இடைவெளியில். வளைவில்கூட இழை கலையவில்லை. வலது முழங்கால் ஒரு விரற்கடை உள்ளே சாய்ந்திருக்கும், அவ்வளவுதான். வேகம் கூட்டிய இடம் எது, குறைத்த இடம் எது என்று தடத்தை வைத்துச் சொல்லமுடியவில்லை. அந்த மறைவுதான் வித்தை. ஒரே ஒரு இடத்தில், மூன்றடி நீளத்துக்கு, புள்ளிகள் கீறல்களாக இழுபட்டிருந்தன.

போனில் கேட்டேன்.

“பாத்துட்டீங்களா மாமா? அந்த எடத்துல ஏரி டம்முன்னு ஒரு சத்தம் போட்டுச்சு. ஒடையாதுன்னு தெரியும். ஆனா கால் தானா இறுகிடுச்சு.”

குளிர் கூடிக் குறையும்போது ஏரிப் பனிக்கட்டி விம்மி விரிசல் விடும். அப்போது பீரங்கி போலச் சத்தம் வரும். கெண்டைக்கால் இறுகியது ஒரு கணம். தடம் அதைக் கோள் சொல்லிவிட்டது.

வீடியோவைப் பார்த்துப் பார்த்துப் பழகிய பிறகு எங்கள் மலை ரோட்டையும் வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்தேன். கரியாலூரிலிருந்து கோமுகி அணைப் பக்கம் இறங்கும் ரோட்டில், விடியற்காலையில், மரவள்ளிக் கிழங்கு மூட்டையோடு எக்ஸ்.எல். வண்டிகள் வரும். 1980-இல் ஓசூரிலிருந்து வந்த டி.வி.எஸ். 50-இன் வாரிசுகள். இவற்றுக்குக் கியர் இல்லை. வேகம் குறைந்தால் கிளட்ச் தானாக விட்டுவிடும், இன்ஜின் பிடித்து நிறுத்தாது. ஈரத்தில், உதிர்ந்த இலைமேல், டிராக்டர் இழுத்துவந்த செம்மண் சேற்றின்மேல், வெறும் பிரேக்கை நம்பி இறங்கவேண்டும். நான் என் பைக்கில் ஒருமுறை வளைவில் இலைக்குவியலைக் கண்டு முன் பிரேக்கைப் பிடித்தேன். வண்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். முழங்கையில் தழும்பு இன்னும் இருக்கிறது.

அக்கா மகனின் சக்கரத்துக்கு இறக்கத்தில் வேறொரு வசதி. பின்னால் சாய்ந்தால் மோட்டாரே ஜெனரேட்டராகி பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும். வசதியிலும் ஒரு முள் உண்டு. பேட்டரி ஏற்கெனவே நிறைந்திருந்தால் அந்த மின்சாரம் போக இடமில்லை. வண்டி பீப் பீப்பென்று கத்திப் பலகையைப் பின்னுக்குச் சாய்க்கும். எங்கள் வெள்ளிமலையில் ராத்திரி முழுக்கச் சார்ஜ் போட்டுவிட்டுக் காலையில் இறங்கக்கூடாது என்று அர்த்தம். அவனுக்குக் கனடாவில் தலைவலி வேறு: குளிரில் லித்தியம் பேட்டரி சோம்பிவிடும், பாதி வழியிலேயே மூச்சு வாங்கும். உறைகுளிரில் அதற்குச் சார்ஜ் ஏற்றினால் பேட்டரியே கெடும். வீட்டுக்குள் வைத்துச் சூடு பிடித்த பிறகுதான் ஒயரைச் செருகுவான்.

டீக்கடையில் எக்ஸ்.எல். ஓட்டும் அண்ணன் ஒருவரிடம், இந்த வழுக்கலில் எப்படி இறங்குகிறீர்கள் என்று கேட்டேன்.

“பிரேக்கு இருக்கறதயே மறந்துட்டு எறங்கணும் சார். ஞாபகம் வந்தா கை போயிடும்.”

அவரிடம் வீடியோவைக் காட்டினேன். டீ ஆறுகிறவரை இரண்டு தடவை பார்த்தார்.

“மூட்டை எங்க வெப்பாங்க?”

“வைக்க முடியாதுண்ணே. ஆள் மட்டும்தான்.”

“அதான் இந்தப் பாடு. மூட்டை இருந்தா வண்டி உக்காரும். வெறும் வண்டிதான் சார் வழுக்கும்.”

டம்ளரை வைத்துவிட்டு மூட்டையின் கயிற்றை ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தார். இன்ஜினைப் போடாமலே வண்டியை இறக்கத்தில் உருட்டிவிட்டு ஏறிக்கொண்டார். முதல் வளைவுவரை பின் விளக்கு தெரிந்தது. அப்புறம் பனி.