துறையும் தொழிலும்: கொச்சி வண்ணார் துறை வழியே சங்கப் புலைத்தியை நோக்கல்

சங்கப் பாடல்களில் ஆடை வெளுக்கும் பெண் ‘புலைத்தி’ என்னும் பெயரால் சுட்டப்படுகிறாள். நற்றிணை 90, குறுந்தொகை 330, அகநானூறு 34, கலித்தொகை 72, புறநானூறு 311 ஆகிய பாடல்கள் இவ்வகையில் முதன்மையானவை. இவற்றை ஆராய்ந்தோர் பெரும்பாலும் இரு வழிகளில் சென்றுள்ளனர். ஒரு சாரார் உவமை நயத்தை விதந்தோதி அமைந்தனர். மற்றொரு சாரார் பெயரிலுள்ள ‘புலை’ என்னும் சொல்லைப் பற்றிக்கொண்டு, தீட்டுக் கோட்பாட்டின் தொன்மையை நிறுவ முற்பட்டனர். 1975இல் வெளிவந்த ஜார்ஜ் எல். ஹார்ட்டின் நூல் பின்னதற்குத் தக்க சான்றாகும். இரு போக்குகளும் ஒரு வினாவை எழுப்பாமலே கடந்து செல்கின்றன. அப்பெண் துறையில் செய்த வேலைதான் என்ன? இவ்வினாவுக்கு விடை காண, அத்தொழில் இன்றும் கையால் நிகழும் களம் ஒன்றை அருகில் வைத்துப் பார்ப்பது பயனுடையது.

கொச்சியில் மட்டாஞ்சேரியை அடுத்த வெளி என்னும் பகுதியில் அத்தகைய துறை ஒன்று உள்ளது. ‘தோபி கானா’ என அது வழங்கப்பெறுகிறது. 1663இல் கொச்சியைக் கைப்பற்றிய டச்சுக்காரர்கள், பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தம் படையினரின் சீருடைகளை வெளுப்பதற்காகத் தமிழ்நாட்டிலிருந்து வண்ணார் குடும்பங்களை அழைத்து வந்தனர் என்பது அங்குள்ளோர் வழிவழியாகக் கூறிவரும் செய்தி. இப்போதுள்ள கட்டடத்தைப் பெருங்கொச்சி வளர்ச்சி ஆணையம் 1976இல் அமைத்துக் கொடுத்தது. தனித்தனித் தொட்டியும் துவைகல்லும் கொண்ட ஏறத்தாழ 40 தடுப்புகள், பின்புறம் காயவைக்கும் பரந்த வெளி, இஸ்திரி போடும் கூடம் ஆகியவை அதன் உறுப்புகள். வண்ணார் சங்கம் அதனை மேற்பார்வை செய்கிறது. விடுதிகளும் இல்லங்களும் துணி அனுப்புகின்றன.

இவ்விடத்தில் வரலாற்று நோக்கில் ஒன்றைக் கருத வேண்டும். கேரளத்தில் வெளுப்போர் இல்லாமலில்லை. பொ.ஆ. 849ஆம் ஆண்டுத் தரிசாப்பள்ளிச் செப்பேட்டிலேயே வண்ணார் குடி குறிக்கப்படுகிறது. வெளுத்தேடத்து நாயர், மண்ணான், வேலன் எனப் பல பிரிவினர் இத்தொழிலுக்கு உரியோராக இருந்தனர். எனினும் அவர்தம் பணி சடங்கோடு பிணைந்தது. பூப்பு, மகப்பேறு, இறப்பு ஆகிய காலங்களில் வண்ணாத்தி தரும் ‘மாற்று’ உடுத்தாமல் தீட்டு நீங்காது என்பது அங்கு வழக்கம். இன்ன சாதிக்கு இன்னார் மாற்றுத் தர வேண்டும் என்ற வரையறையும் உண்டு. அயல்நாட்டுப் படைவீரனின் சீருடைக்கு இந்த வரையறையில் இடமில்லை. தொலைவிலிருந்து ஆள் வரவழைக்கப்பட்டமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம் என ஊகிக்க இடமுண்டு. எவ்வாறாயினும், கொச்சிக்கு வந்த தமிழ் வண்ணாரின் தொழிலில் சடங்கு பின்தள்ளப்பட்டு, உருப்படிக்குக் கூலி என்ற உறவு முன்வந்தது.

இந்த உறவை மனத்திற்கொண்டு நற்றிணை 90ஐப் படித்தால், இதுவரை அழுத்தம் பெறாத ஒரு கூறு புலனாகிறது. அப்பாடலின் ஊர் விழாக் கொண்டாடும் ஊர். உடுப்போர் பலராதலின் புலைத்தியின் கைக்கு ஓய்வில்லை. இரவில் சோற்றுக் கஞ்சியில் தோய்த்த ஆடையைத்தான் பாடலில் வரும் பெண் உடுத்தியிருக்கிறாள். புலவர் அப்புலைத்திக்குத் தரும் அடை ‘வறன் இல்’ என்பது. 1915இல் வெளிவந்த நற்றிணை உரையில் பின்னத்தூர் அ. நாராயணசாமி ஐயரும் வறுமையின்மை என்றே அதற்குப் பொருள் கொண்டார். விழா, அதனால் பெருகும் தேவை, அதனால் ஓயாத வேலை, அதனால் வறுமையின்மை என்று ஒரு பொருளியல் தொடர்ச்சி இங்கே தெளிவாக அமைந்துள்ளது. தீட்டை முதன்மைப்படுத்தும் ஆய்வுகள் இந்த அடையைப் பொருட்படுத்தாமை வியப்புக்குரியது.

இதனால் சாதி இழிவு அக்காலத்தில் இல்லை என்று வாதிடுவது பொருந்தாது. கொச்சியிலும் கூலி உறவு சாதியைக் கரைத்துவிடவில்லை. ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அத்துறை ஒரே சாதியாரின் துறையாகவே நீடிக்கிறது. இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ (1994) காட்டும் ஆரோக்கியத்தின் உலகமோ இன்னும் கடுமையானது. அங்கே கூலி, களத்துத் தவசமாகவும் இரவுச் சோறாகவும் ஊராரின் மனம்போல் அளக்கப்படுகிறது. புதிரை வண்ணார் குடும்பத்தின் அடுத்த தலைமுறை நகரத்துச் சலவைக் கடையை நோக்கி நகர்வதை அந்நாவல் ஒரு முறிவாகக் காட்டுகிறது. கொச்சி வண்ணார் அதே நகர்வை ஒரு வணிக நிறுவனத்தின் ஆணைக்கு உட்பட்டு, பல தலைமுறைகளுக்கு முன்பே மேற்கொண்டவர்கள் எனலாம்.

இனி, தொழில் முறைக்கு வருவோம். வெளியில் துணி முதலில் சவுக்கார நீரில் ஊறும். பின் கல்லில் அடிபடும், அலசப்படும், வெள்ளைத் துணிக்கு நீலமும், பருத்திக்குக் கஞ்சியும் ஏறும், பிறகுதான் கயிற்றுக்குப் போகும். அங்குக் கவ்விகள் இல்லை. இரு புரியாக முறுக்கிய கயிற்றின் இடுக்கில் துணியின் நுனியைச் செருகிவிடுகின்றனர். காற்று எவ்வளவு அடித்தாலும் துணி நழுவாது. கஞ்சி என்பது இவ்வரிசையில் இறுதியில் வருவது. கஞ்சியிட்ட பின் மீண்டும் நீரில் இட்டால் இட்ட கஞ்சி கரைந்துவிடும்.

இந்த எளிய உண்மை குறுந்தொகை 330இல் ஒரு சிக்கலை வெளிப்படுத்துகிறது. அப்பாடலில் புலைத்தி ஆடையைப் பசையில் தோய்த்து எடுக்கிறாள். முதல் அடிப்பை அடிக்கிறாள். பின் குளிர்ந்த குளத்தில் இடுகிறாள். நீருள் முறுக்கு நெகிழாமல் கிடக்கும் அத்துணி பகன்றை மலருக்கு உவமையாகிறது. உ.வே. சாமிநாதையரின் 1937ஆம் ஆண்டுப் பதிப்பு முதலாகப் ‘பசை’ என்பதற்குக் கஞ்சி எனப் பொருள் கொள்ளுதல் பெருவழக்காகிவிட்டது. கஞ்சியாயின் அடிப்பதும் குளத்தில் இடுவதும் முன்னர் நிகழ்ந்திருத்தல் வேண்டும். பாடலின் வரிசையோ தலைகீழாக உள்ளது. கழார்க் கீரன் எயிற்றியார் தொழிலறியாது பாடினார் என்பதற்கும் இடமில்லை. முறுக்கிய துணி நீரில் கிடக்கும் நிலையை அத்துணை நுட்பமாகக் கண்டவர் அவர்.

அவ்வாறாயின், குறுந்தொகையின் பசை அழுக்கு நீக்கும் ஊறற்பொருளாக, அதாவது உவர்மண் போன்ற ஒன்றின் குழம்பாக இருத்தல் கூடுமா என்பது ஆராயத்தக்கது. இதற்குத் துணைநிற்கும் அகச்சான்றுகள் இரண்டு. நற்றிணை கஞ்சியைச் சொல்லுமிடத்துப் பசை என்னாது, உணவைக் குறிக்கும் ‘புகா’ என்னும் சொல்லைப் பெய்து தெளிவாகச் சுட்டுகிறது. அகநானூறு 34, புலைத்தியின் மெல்விரலைப் பசை வருத்தியதாகப் பொருள்கொள்ள இடந்தருகிறது. கஞ்சி விரலை வருத்தாது, உவர் அரிக்கும். புறநானூறு 311இல் ஔவையார் களர்நிலத்தில் தோண்டிய கூவலில் நாள்தோறும் வெளுப்பவளைப் பாடுவதும், உவரின் வெளுக்கும் ஆற்றலை அக்காலத்தார் அறிந்திருந்ததைக் காட்டுகிறது. அகப்பாடலின் தொடரை வேறு வகையாகவும் பிரித்துப் பொருள் கூறலாம் ஆகலின், இதனை முடிந்த முடிபாகக் கொள்வதற்கில்லை. ஆயினும் தொழில் வரிசைக்கு முரணான உரையை மரபு கருதி ஏற்பதினும் இது பொருத்தமுடையது.

தொழிலறிவு உரைக்குத் துணையாவதற்குப் பெரியபுராணமும் சான்று பகரும். திருக்குறிப்புத் தொண்ட நாயனார் வரலாற்றில், அடியார் தந்த கந்தையை அவர் மாசு நீக்கிப் புழுக்கி, பிற்பகலில் ஒலிக்கப் புகும்போது மழை வருகிறது. புழுக்குதல் என்பது வெள்ளாவி வைத்தல். வேலையின் ஒரு பகுதி முடிந்து, ஒலித்தலும் உலர்த்துதலும் எஞ்சும் வேளையில் சேக்கிழார் மழையைப் பெய்விக்கிறார். பொழுது சாய்வதற்குள் தருவதாகச் சொன்ன சொல் தவறுகிறது. நாயனார் துவைகல்லில் தலையை மோதுகிறார். உரையாளர் பலர் இறைவன் திருவிளையாடல் எனக் கூறி அமைவர். ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெறும் கொச்சியில், ஆனி ஆடி மாதங்களில் வெற்றுக் கயிறுகளைப் பார்த்து நிற்கும் வெளுப்பாளருக்கு அந்த நெருக்கடி உரையின்றியே விளங்கும்.

வெள்ளாவி, துவைகல், சேங்கொட்டைச் சாற்றால் இடும் குறி முதலிய சொற்கள் இயந்திரச் சலவையின் வரவால் பேச்சிலிருந்து அகன்று வருகின்றன. வெளியின் துறைப்பேச்சு மலையாளம் கலந்த தமிழ். அடுத்த தலைமுறையினர் வேறு தொழில்களுக்குச் செல்கின்றனர். அவர்கள் செல்வது வரவேற்கத்தக்கதே. சொற்களைத் தொகுக்கும் பொறுப்பு அவர்களுடையதன்று, தமிழ்த் துறைகளுடையது. குறுந்தொகையின் ‘தலைப்புடை’ முதல் அடிப்பா, துணியின் தலைப்பைப் பிடித்து அடிக்கும் முறையா என்ற ஐயத்தைக்கூட நிகண்டுகளைவிட, துவைகல்லின் முன் நிற்பவரிடம் கேட்டுத் தெளிவது எளிது.