நாகத்தலையும் நான்கு ஜன்னல்களும்

அட்டாகஸ் என்பது காட்டுப் பட்டுப்பூச்சிகள் அடங்கிய சாட்டர்னிடே குடும்பத்தின் பேரினம். 1758இல் லின்னேயஸ் பெயரிட்ட அட்லஸ் அந்துப்பூச்சி இதில் உலகப் புகழ் பெற்றது. அதன் தென்னிந்திய, இலங்கை உறவு அட்டாகஸ் தப்ரோபானிஸ். 1880களில் பூச்சியியலாளர் பிரெடரிக் மூர் விவரித்த இனம். விருதுநகர் மாவட்டத்தின் வ. புதுப்பட்டிக்கு மேற்கே, பிளவக்கல் அணைக்கு அப்பால் ஏறும் மலை 1988இல் சாம்பல் நிற அணில் சரணாலயமானது. 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்திருக்கிறது. இதுபோன்ற மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளே இந்தியாவில் இந்தப் பூச்சியின் இருப்பிடம்.

இறகு விரிந்தால் ஏறத்தாழ ஒரு சாண் அகலம். செங்காவி நிறத் தளம். கருப்பும் வெள்ளையும் ஒட்டிச் செல்லும் வளைகோடுகள். ஓரத்தில் மஞ்சள் பாய்ந்த பட்டை. ஓட்டுக்கூரைபோல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய நுண்செதில்களே இத்தனை நிறமும். நான்கு இறகுகளின் நடுவிலும் முக்கோணமாக ஓரிடத்தில் மட்டும் செதில் இல்லை. அந்த ஜன்னல் வழியே பூச்சி அமர்ந்த இடமே தெரியும்: இலைமேல் பச்சை, மரப்பட்டைமேல் பழுப்பு. சுற்றிலும் மெல்லிய கருங்கோடு. எதையும் வரையாமல் விட்ட இடமே இந்தக் கோலத்தின் உச்சம்.

முன்னிறகின் நுனியில் தெரியும் நாகத்தலைக்கே ஊரெங்கும் பாராட்டு. கண்போல் ஒரு கரும்புள்ளி, வளைந்த மோவாய்; தொந்தரவு செய்தால் பூச்சி இறகை மெல்ல அசைக்கும், பாம்பு நெளிவதாகவே தோன்றும். பறவைகளை மிரட்டத்தான் இது என்பார்கள். ஆனால் இரவில் பறக்கும் பூச்சிக்கு இருட்டில் இந்த ஓவியத்தால் என்ன பயன்? இரவின் எதிரியான வௌவாலோ எதிரொலியை வைத்து வேட்டையாடுவது. சாட்டர்னிடே பூச்சிகளுக்குக் காது கிடையாது. 2021இல் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அட்லஸ் அந்துப்பூச்சியின் மடிந்த இறகு நுனி உடலைவிட வலுவாக எதிரொலிப்பதைக் காட்டினர். தாக்குதல் நுனிக்குத் திரும்பும், உடல் தப்பும் என்பது அவர்கள் கருத்து. பகலில் கண்ணை ஏய்க்கும் நுனியே இரவில் காதையும் ஏய்க்கிறது. நாகக்கதையைவிட இது சுவையானது.

வளர்ந்த பூச்சிக்கு உண்ணும் வாய் இல்லை. வெண்மாவு பூசியதுபோன்ற பருத்த புழுவாக இலை தின்று சேர்த்த கொழுப்பே ஓரிரு வாரத்துக்கான கைமுதல். பெண் தான் வெளிவந்த கூட்டருகிலேயே அமர்ந்து மணம் பரப்பும். சீப்புபோல் அகன்ற உணர்கொம்பால் ஆண் அதை மோந்து தேடி வரும். கூட்டின் பழுப்புப் பட்டு, மல்பெரிப் பட்டுபோல் ஒரே நீள இழையாக வராது. ஆனால் உறுதியானது. தைவானில் அட்லஸ் அந்துப்பூச்சி வெளியேறிய கூட்டையே காசுப்பையாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.