கீறலைப் பார்க்கப் பழகுவோம்

புதுக் கார் வாங்கிய கையோடு பெருந்தொகை கொடுத்து பிபிஎஃப் என்னும் பெயின்ட் பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டுகிறோம். பெயின்ட்டைக் காக்க ஒட்டிய அந்த ஃபிலிமில் முதல் கீறல் விழும் அன்று பலருக்குச் சோறு இறங்குவதில்லை. கம்பம் பள்ளத்தாக்கில் கார் வைத்திருப்பவர்களுக்கு அந்த நாள் சீக்கிரமே வந்துவிடும். தேவாரம், பண்ணைப்புரம், கோம்பை என்று மலையடிவாரத்தை ஒட்டிப் போகும் சாலையில் எதிரே வைக்கோல் பாரத்தோடு டிராக்டர் வந்தால் ஒதுங்கத்தான் வேண்டும். ஒதுங்கினால் சீமைக்கருவேல முள் கதவை உரசத்தான் செய்யும்.

அந்தக் கீறலை நிதானமாகப் பார்க்கத் தெரிந்துவிட்டால் வருத்தம் பாதி குறையும். எது தானாக மறையும், எதற்குச் சூடு வேண்டும், எதை அப்படியே விட வேண்டும் என்பதெல்லாம் கீறலிலேயே தெரியும். ஃபிலிமோடு நின்றுபோன ஒவ்வொரு கீறலும் பெயின்ட்டுக்குப் போகாமல் தடுக்கப்பட்ட கீறல்.

அடியில் என்ன இருக்கிறது?

நல்ல பிபிஎஃப், தெர்மோபிளாஸ்டிக் பாலியூரித்தேனால் ஆனது. கடைகளில் டிபியு என்பார்கள். தடிமன் பெரும்பாலும் 150 முதல் 200 மைக்ரான். காரின் பெயின்ட் மேல் தொழிற்சாலையில் பூசும் க்ளியர் கோட் ஏறத்தாழ 40, 50 மைக்ரான்தான். அதைவிடப் பல மடங்கு தடித்த கவசம் இது. இதன் முன்னோடி 1960-களில், வியட்நாம் போர்க்காலத்தில் உருவானது. மணலும் சிதறல்களும் ஹெலிகாப்டரின் சுழலும் இறக்கைகளைத் தேய்க்காமலிருக்க 3எம் நிறுவனம் தந்த படலம் அது. அடி வாங்குவதுதான் தொடக்கத்திலிருந்தே இதன் வேலை.

ஃபிலிமில் அடியில் பசை, நடுவில் டிபியு, உச்சியில் மிக மெல்லிய மேற்பூச்சு. தானாக ஆறும் குணம் அந்த மேற்பூச்சில் இருக்கிறது.

எப்போது, எப்படிப் பார்ப்பது?

முதலில் காரைக் கழுவுங்கள். தூசியோடு பார்த்தால் தூசிக் கோடும் கீறலும் ஒன்றாகத் தெரியும். உச்சி வெயிலில் பார்க்காதீர்கள். பண்ணைப்புரத்தில் மேற்கே மலை நிற்பதால் மாலை வெயில் சீக்கிரம் மறைந்துவிடும். அதனால் கிழக்கிலிருந்து சாய்வாக விழும் காலை வெயில்தான் உகந்தது. கதவின் ஓரமாக நின்று, பரப்பை ஒட்டியபடி பாருங்கள். இரவில் செல்போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தாலும் போதும்.

டார்ச்சை நேராகப் பிடித்தால் வெளிச்சத்தைச் சுற்றி வட்டவட்டமாகச் சிலந்திவலைபோல் கோடுகள் தெரியும். உண்மையில் அவை வட்டக் கோடுகள் அல்ல. எல்லாத் திசைகளிலும் நுண்கீறல்கள் கிடக்கின்றன. வெளிச்சத்தை நம் கண்ணுக்குத் திருப்பும் வாக்கில் கிடப்பவை மட்டும் மின்னுகின்றன. டார்ச்சை நகர்த்திப் பாருங்கள், வட்டமும் கூடவே நகரும். இதை ஒருமுறை பார்த்துவிட்டால், யாரோ வட்டமாகத் தேய்த்துக் கெடுத்துவிட்டார் என்ற கோபம் போய்விடும்.

எங்கே விழுந்தது?

பானெட்டிலும் மேற்கூரையிலும் நுண்கீறல்கள் மண்டியிருந்தால், காய்ந்த துணியால் தூசியைத் துடைத்திருக்கிறார்கள். ஆனி, ஆடியில் கணவாய் வழியாக இறங்கும் காற்று மண்ணை வாரிக் கொட்டும் ஊர் இது. அந்த மண்மேல் பிள்ளைகள் விரலால் பெயர் எழுதினாலும் கீறல் விழும். கதவில் நீளமான கிடைக்கோடுகள் என்றால் முள். கைப்பிடிக் குழியில் குறுக்கும் நெடுக்குமாக இருந்தால் நகமும் மோதிரமும். முன் பம்பரில் புள்ளிபுள்ளியாக இருந்தால் முன்னே போன லாரி தெறிக்கவிட்ட கல். போடிமெட்டு, குமுளி மலைப்பாதைகளில் வண்டியை நிறுத்தியிருந்தால் குரங்கு நகமாகவும் இருக்கலாம்.

ஆறுமா, ஆறாதா?

மூன்று சோதனைகள் போதும். முதலில் கீறல்மேல் தண்ணீர் தெளியுங்கள். பள்ளத்தில் தண்ணீர் நிரம்பியதும் ஒளி சிதறுவது குறையும். நனைந்ததும் காணாமல் போகும் கீறல் பெரும்பாலும் ஆழமற்றது. அடுத்து, நகத்தை அழுத்தாமல் குறுக்கே ஓட்டுங்கள். வழுக்கிக்கொண்டு போனால் நல்லது. தட்டி நின்றால் மேற்பூச்சைத் தாண்டி டிபியுவுக்குள் இறங்கியிருக்கிறது. கடைசியாக ஓரத்தைப் பாருங்கள். ஃபிலிம் பிளந்து உதடு தூக்கியிருந்தால் அது வெட்டு. எவ்வளவு சூடு காட்டினாலும் சேராது.

காரணம் எளிது. 1976-ல் அன்னக்கிளி படம் வந்த காலத்து இசைத்தட்டில் ஊசி ஆழமாகக் கிழித்தால், சுரண்டப்பட்ட பொருள் போனது போனதுதான். அந்த இடம் வரும்போதெல்லாம் 'டக்'கென்று கேட்கும். ஃபிலிமின் மேற்பூச்சில் விழும் நுண்கீறலில் பொருள் போவதில்லை, நசுங்கி ஒதுங்குகிறது. சூடு பட்டதும் உள்ளிருக்கும் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் தளர்ந்து பழைய இடத்துக்குத் திரும்புகின்றன.

கண்ணெதிரே ஆறுவதைப் பாருங்கள்

சித்திரை வெயிலில் நிற்கும் கறுப்புக் காரின் பானெட் 60 டிகிரியைத் தாண்டும். நுண்கீறலுக்கு அதுவே மருந்து. வெள்ளைக் கார் அவ்வளவு சூடாகாது என்பதால் நாள் கூடும். காத்திருக்க மனமில்லாதவர்கள் கை பொறுக்காத சூட்டில், ஆனால் கொதிக்காத தண்ணீரை மெல்ல ஊற்றலாம். கண்ணாடியில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சாய்ந்த வெளிச்சத்தில் பக்கத்தில் நின்று கவனியுங்கள். கோடு மெல்ல மெல்ல மங்கும். இதை நேரில் காண்பது ஒரு தனி இன்பம். பாலிமர் வேதியியல் ஆய்வகத்துக்குள் போகாமலேயே நம் வீட்டு வாசலில் நடக்கிறது.

ஹீட் கன்னைக் கையில் எடுத்தால் குறைந்த சூட்டில், தூரப் பிடித்து, அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே இடத்தில் நின்றால் ஃபிலிம் கொப்பளிக்கும், பசையும் கெடும். பெயின்ட்டுக்குப் போடும் சொரசொரப்பான பாலிஷை ஃபிலிம்மேல் தேய்க்காதீர்கள். ஆறும் குணமுள்ள மேற்பூச்சே தேய்ந்துபோகும். பிவிசியில் செய்த மலிவு ஃபிலிம்களிடம் இந்தக் குணத்தை எதிர்பார்க்க வேண்டாம். வாங்கும்போதே டிபியுதானா என்று கேளுங்கள்.

இந்த எண்ணம் ஃபிலிமோடு நிற்கவில்லை. 2005-லேயே நிசான் நிறுவனம் ஜப்பானில் தானாக ஆறும் க்ளியர் கோட்டை அறிமுகப்படுத்தியது. பிஎம்டபிள்யூ ஐஎக்ஸ் காரின் முன்முகப்பு கிரில்லில் தானாக ஆறும் பாலியூரித்தேன் பூச்சு இருக்கிறது.

ஆறாததை என்ன செய்வது?

வெட்டு விழுந்திருந்தால் முழுக் காரையும் மாற்ற வேண்டியதில்லை. அந்தக் கதவுக்கோ பம்பருக்கோ மட்டும் புது ஃபிலிம் ஒட்டலாம். பக்கத்துப் பகுதியின் பழைய ஃபிலிமோடு பளபளப்பு சற்று மாறித் தெரியலாம். தண்ணீரும் அழுக்கும் உள்ளே போகும் வெட்டைத் தள்ளிப்போடாதீர்கள். உதடு தூக்காத, அடியில் பெயின்ட் நலமாக இருக்கும் கீறலை அப்படியே விட்டுவிடலாம். புளியமரத்தடிக் காக்கை எச்சத்தை மட்டும் அன்றைக்கே நனைத்து எடுத்துவிடுங்கள். அது போடும் கறை, கீறல்போல் எளிதில் ஆறாது.

சில ஆண்டுகள் கழித்து ஃபிலிமை உரிக்கும் நாள் வரும். அதில் எத்தனை கோடுகள் இருக்கின்றன என்று எண்ண வேண்டாம். அடியில் இருக்கும் பெயின்ட்டைப் பாருங்கள். அது புதுசாக இருந்தால், கொடுத்த காசுக்கு ஃபிலிம் முழுதாக உழைத்துவிட்டது. தேய்வதற்காகவே ஒட்டிய பொருள் தேயட்டும். காரை எடுத்துக்கொண்டு தயங்காமல் மலையேறுங்கள்.