கல்மரமும் மரபணுச் சான்றும்

தொல்லுயிர் எச்சம் எதுவாயினும் அதனுள் மரபணு உறையும் என்றும், அதுகொண்டு உயிரினங்களின் உறவுமுறையைத் தெளியலாம் என்றும் கருதுவார் உளர். இக்கருத்து பெரம்பலூர், அரியலூர் நிலப்பகுதிக்குப் பொருந்துமா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

சாத்தனூர்க் கல்மரம் 1940இல் புவியியல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் அவர்களால் கண்டறியப்பெற்றது; 18 மீட்டர் நீளமுடையது. மரத்தின் உயிர்ப்பொருள் இருந்த இடத்தைக் கனிமம் கொண்டது. வடிவம் நின்றது, பொருள் மாறியது. மரபணுவோ பொருளைச் சார்ந்தது. இதுகாறும் கிட்டிய மிகப் பழைய மரபணு, 2022இல் அறிவிக்கப்பெற்ற கிரீன்லாந்து மண்ணினது. உறைபனி காத்தும் அதன் அகவை ஏறத்தாழ 20 இலக்கம் ஆண்டுகளே. அரியலூர்ப் பாறைகளோ 6 கோடி ஆண்டுகட்குக் குறையாதன. வெம்மை மிக்க நிலத்தன. 1994இல் அமெரிக்காவில் 8 கோடி ஆண்டுப் பழைமையுடைய எலும்பில் மரபணு கண்டதாகக் கூறினர். பின்னர் அது மாந்தர் மரபணுவின் கலப்பே எனத் தெளிந்தனர்.

அங்ஙனமாயின் உறவை அறிவது எவ்வாறு? சுவடிகளை ஒப்புநோக்குவார்க்கு இது புதிதன்று. ஒரே பிழை பல ஏடுகளிற் காணப்படின் அவை ஒரு மூல ஏட்டின் வழிவந்தன என்பர். அவ்வாறே, பிறவற்றில் இல்லாத புதுமாற்றம் ஒன்றைப் பகிரும் உயிர்கள் ஒரு முன்னோரின் வழியின எனக் கொள்ளப்படும்.

வடிவம் ஏமாற்றாதோ எனின், ஏமாற்றும். 2020இல் குன்னத்தில் கிட்டிய உருண்டைக் கற்களை டைனோசர் முட்டைகள் என்றனர். கற்கள் கைக்கண் இருந்தமையால், வல்லுநர் நேரிற் கண்டு அவை அம்மோனைட் என்னும் கடலுயிரைச் சார்ந்த படிவுகளே எனத் தெளிவித்தனர். கல்லமேட்டில் கிட்டிய புருகத்காயோசாரசின் நிலை வேறு. யாதகிரி, அய்யாசாமி ஆகிய இருவரும் 1980களின் இறுதியில் அதனை ஊனுண்ணியெனக் குறித்தனர்; பின்வந்தோர் இலையுண்ணும் பேருயிர் என்றனர்; கல்மரமோ என ஐயுற்றாரும் உளர். எலும்புகள் சிதைந்தொழிந்தமையின் வரைபடங்களும் நிழற்படங்களுமே எஞ்சின. மூல ஏடு அழிந்து படி மட்டும் நின்றாற்போல்வது இது.

ஆகவே, இந்நிலத்திற்கு வேண்டுவது கிட்டா மரபணுவைத் தேடும் வேட்கையன்று; கிட்டிய கல்லைச் சிதையாது காக்கும் கடமையே என்பது நம் துணிபு.