கட்டத்தாளில் விரியும் ஆட்டம்

சொன்னால் சிரிப்பீர்கள். காலையில் எழுந்ததும் எனக்குக் காபிகூட இரண்டாம் பட்சம்தான். முதலில் ஒரு செஸ் புதிர் வேண்டும். ‘வெள்ளை ஆடி வெல்ல வேண்டும்’ என்று ஒரு படம் கண்ணில் பட்டுவிட்டால் போதும், எங்கள் பிள்ளையார்பாளையம் முழுக்கத் தறிச் சத்தம் கிளம்பினாலும் என் காதில் ஏறாது. விடை பிடிபடும் அந்த ஒரு நொடி இருக்கிறதே, அடடா! அதற்கு ஈடாக எதையும் நான் கண்டதில்லை.

நம்பாதவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ரேட்டி என்ற மேதை 1921இல் அமைத்த புதிர். பலகையில் மொத்தமே நான்கு காய்கள். வெள்ளை ராஜா எச்8 மூலையில், வெள்ளைச் சிப்பாய் சி6இல். கறுப்பு ராஜா ஏ6இல், கறுப்புச் சிப்பாய் எச்5இல். முதலில் ஆட வேண்டியது வெள்ளை. டிரா செய்தால் போதும். பார்த்தவுடன் கை விரித்துவிடுவீர்கள். கறுப்புச் சிப்பாய் ராணியாகப் போவது உறுதி, துரத்திப் பிடிக்க வெள்ளை ராஜாவுக்கு இரண்டு நகர்த்தல் பற்றாது. இன்னொரு பக்கம் வெள்ளைச் சிப்பாயைக் கறுப்பு ராஜா நெருங்கிக்கொண்டிருக்கிறார்.

இதை மனசிலேயே போட்டுக்கொண்டு கைலாசநாதர் கோயில்வரை நடந்தேன். மதிலை ஒட்டி வரிசையாக நிற்கும் சின்னச் சின்னச் சன்னதிகளின் நிழலில் உட்கார்ந்திருந்தபோது பளிச்சென்று புரிந்தது. ராஜா நேராக ஓடக் கூடாது, குறுக்கே இறங்க வேண்டும்! ஜி7, எஃப்6, ஈ5. ஒவ்வொரு அடியும் எதிரிச் சிப்பாயையும் நெருங்குகிறது, தன் சிப்பாயையும் நெருங்குகிறது. கறுப்புச் சிப்பாய் ஓடினால் அந்த அவகாசத்தில் வெள்ளை ராஜா தன் சிப்பாய்க்குத் துணையாக வந்துவிடுகிறார். கறுப்பு ராஜா வெள்ளைச் சிப்பாயை வெட்டிவிட்டாலோ, வெள்ளை ராஜா எஃப்4 வந்து ஓடுகிற சிப்பாயை அமுக்கிவிடுகிறார். ஒரே நடையில் இரண்டு வேலை!

பக்கத்து வீட்டு நெசவாளர் மாமாவிடம் காட்டினேன். “என்னாப்பா இது, நாலே காய்தானா? இதுல என்ன இருக்கப்போவுது?” என்று போனவர், மறுநாள் வாசலிலேயே மடக்கினார். “தம்பி, அந்த ராஜா புடிச்சிட்டாருப்பா!” ராத்திரி முழுக்கத் தூங்கவில்லையாம்.

இந்தப் பைத்தியம் நமக்கு மட்டும் இல்லை. விஸ்வநாதன் ஆனந்த் சிறுவனாக மணிலாவில் இருந்தபோது தொலைக்காட்சியில் ஒரு செஸ் நிகழ்ச்சி வரும். அதில் ஒரு புதிர் கொடுப்பார்கள். மகன் பள்ளிக்குப் போயிருக்கும் நேரம் என்பதால் அம்மா சுசீலா அதைக் குறித்துவைப்பாராம். மாலையில் இருவரும் உட்கார்ந்து விடை கண்டு அனுப்புவார்கள். பரிசாக வந்ததெல்லாம் புத்தகங்கள். ஒரு கட்டத்தில், ‘வேண்டிய புத்தகங்களை எடுத்துக்கொள், தயவுசெய்து இனிமேல் விடை மட்டும் அனுப்பாதே’ என்று அவர்களே சொல்லிவிட்டார்களாம். ஐந்து முறை உலகச் சாம்பியனான கதை இப்படியும் தொடங்கியிருக்கிறது!

ஆனால் புதிரைவிட ருசியான ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறேன். என் சொந்த ஆட்டங்கள். நான் பட்டுச்சேலைக்கு டிசைன் போடுகிறவன். புட்டாவோ மயிலோ யாளியோ, முதலில் கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக நிரப்பி, பிறகுதான் ஜக்கார்டு அட்டைக்குப் போகும். இப்போது கம்ப்யூட்டர் வந்துவிட்டது. மிச்சமான கிராஃப் தாள்கள் என் செஸ்ஸுக்கு வந்துவிட்டன. ஒரு போட்டி முடிந்ததும் நகர்த்தல்களை எழுதிய தாளை எடுத்துவைத்து, முக்கியமான நிலைகளை எட்டுக்கு எட்டாக வரைந்துவிடுவேன். இயந்திரத்தைத் தொடுவதில்லை. பென்சிலும் நானும்தான்.

அப்படித்தான் நான் ஜெயித்த ஒரு ஆட்டம் எனக்கு அதிர்ச்சி வைத்தியம் கொடுத்தது. எதிராளியின் ராஜா எச்8 மூலையில், முன்னால் அவருடைய சிப்பாய்கள். என் குதிரை எச்6இல் நிற்கிறது, ராணியின் பார்வை ஜி8இல் இருக்கிறது. ராணியைத் தூக்கி ஜி8இல் வைத்துக் காவு கொடுத்திருக்கலாம்! குதிரை காவலுக்கு நிற்பதால் ராஜா வெட்ட முடியாது, யானைதான் வெட்டியாக வேண்டும். உடனே குதிரை எஃப்7க்குத் தாவினால் செக்மேட். சொந்தப் படையே சுற்றி நின்று ராஜாவுக்கு மூச்சு முட்டும். 1497 வாக்கில் லூசேனா என்பவர் அச்சிட்ட புத்தகத்திலேயே இருக்கிற பழைய வித்தை இது. புதிர்களில் எத்தனையோ தடவை போட்ட வித்தையும்கூட. பலகையில் மட்டும் கண்ணில் படவில்லை.

ஏன் என்று யோசித்தபோதுதான் விஷயம் விளங்கியது. புதிரில் ‘இங்கே ஏதோ இருக்கிறது’ என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். ஆட்டத்தில் அந்த மணியை யாரும் அடிப்பதில்லை. எப்போது தேட வேண்டும் என்பதை நம் ஆட்டங்கள் மட்டுமே கற்றுத்தரும். அந்த நாளிலிருந்து, மூலையில் ராஜாவும் பக்கத்தில் என் குதிரையும் வந்தாலே உடம்பு சிலிர்க்கிறது!

பெரியவர்கள் வழியும் இதுதான். தன் ஆட்டங்களைத் தானே கறாராக அலசி எழுதி வெளியிட வேண்டும் என்று போட்வின்னிக் அறிவுறுத்தினார். குகேஷை அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா பல ஆண்டுகள் கம்ப்யூட்டர் இயந்திரம் பக்கமே விடாமல் சொந்த மூளையால் யோசிக்க வைத்தார். 2022இல் மாமல்லபுரம் ஒலிம்பியாடில் முதல் எட்டு ஆட்டங்களையும் வரிசையாக ஜெயித்த அதே குகேஷ், பிறகு அப்துசத்தோரோவ் என்ற வீரரிடம் வெல்லும் நிலையிலிருந்து தோற்றதை நாங்கள் பதறிப் பார்த்தோம். அடுத்து, 2024 டிசம்பர் 12, சிங்கப்பூரில் உலகச் சாம்பியன் போட்டி. பதினான்காவது, கடைசி ஆட்டம். எதிராளி டிங் லிரென் யானையை எஃப்2க்கு நகர்த்தினார். குகேஷ் யானைகளை மாற்றிக்கொண்டு, பிஷப்பை டி5இல் வைத்தார். ஏ8 மூலையில் மாட்டிக்கொண்ட டிங்கின் பிஷப்புக்குத் தப்ப வழியில்லை, அதுவும் மாறியது. பிறகு ராஜாக்களும் சிப்பாய்களும் மட்டும். அச்சு அசல் புதிர்! ‘இங்கே ஏதோ இருக்கிறது’ என்று யாரும் சொல்லாமலே பதினெட்டு வயதுப் பிள்ளை கண்டுபிடித்து உலகச் சாம்பியன் ஆனான். அந்த நிலை இன்னும் என் சுவரில் கிராஃப் தாளாகத் தொங்குகிறது.

இன்றைக்கு இதற்கெல்லாம் காசும் வேண்டாம். லிசெஸ் என்ற இலவசத் தளத்தில் லட்சக்கணக்கான புதிர்கள்; விளம்பரமே கிடையாது. எல்லாம் நம்மைப் போன்றவர்கள் நிஜமாக ஆடிய ஆட்டங்களிலிருந்து எடுத்தவை. நம் ஆட்டத்தை அலசச் சொன்னால், நாம் சறுக்கிய இடங்களையே புதிராக்கி நம்மிடமே திருப்பிக் கேட்கும். முதலில் பென்சில், கடைசியில்தான் இது என்பது என் விதி. இயந்திரம் விடையைச் சொல்லிவிட்டால் அந்தச் சிலிர்ப்பு போயே போச்சு.

இன்று ராத்திரியே ஒரு கிராஃப் தாளை வாங்கி ஆரம்பித்துவிடுங்கள். ஆனால் தோற்ற ஆட்டத்தை எடுக்காதீர்கள். அதை எப்படியும் மனசு நூறு தரம் புரட்டிவிட்டிருக்கும். ஜெயித்த ஆட்டத்தை எடுங்கள். ஜெயித்த சந்தோஷத்தில் யாருமே தேடிப் பார்க்காத புதிர்களெல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன!